வன்னியம்பட்டி வண்டி

பழைய ஜப்பான் பைக்குகளை வாங்கி, ராஜபாளையத்தில் என் வீட்டு ஷெட்டிலேயே பிரித்துச் சரிசெய்வது எனக்குப் பொழுதுபோக்கு. கடைசியாக ஒன்றை வன்னியம்பட்டியில் வாங்கினேன். அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் இறந்து பல வருடங்களாகிவிட்டன. வண்டி கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் துருப்பிடித்துக் கிடந்தது.

"ஓடுச்சுன்னா ஒருக்கா கொண்டாந்து காட்டுங்க தம்பி" என்றார் அவர் மனைவி.

எஞ்சினை முழுக்கப் பிரித்தேன். பிஸ்டன், கிளட்ச், ஒயரிங் எல்லாம் புதிது. ஆக்சிலேட்டர் கேபிள்கூட நான் போட்டதுதான்.

ஒரு சாயங்காலம் காட்டப் போனேன். அந்த அம்மா வீட்டு வாசலில் வண்டியை அணைக்கப் போகும்போது, என் கை தானாக ஆக்சிலேட்டரை இரண்டு தடவை முறுக்கியது. எனக்கு அப்படியொரு பழக்கமே கிடையாது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "வந்துட்டியளா? கை கால் கழுவுங்க, சோறு எடுத்து வைக்கேன்."

செம்பில் தண்ணீரோடு வெளியே வந்தவர் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். தண்ணீர் சிந்துவதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"அவிய ரெண்டு முறுக்கு முறுக்கித்தான் நிறுத்துவாவ" என்றார் மெதுவாக. "ஒங்களுக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை.

மற்ற வண்டிகளில் என் கை சும்மாதான் இருக்கிறது. அந்த வண்டியில் நான் கழற்றி மாட்டாத பாகமே இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.