கடையிலிருந்து வந்த பையன்

"நீ வாங்கப்போற கம்ப்யூட்டர்ல எந்த கேமெல்லாம் நல்லா ஓடும்?" என்று அப்பா கேட்ட அந்த மாலை எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. கல்கத்தாவின் ஜாதவ்பூரில் நாங்கள் இருந்த வாடகை வீட்டின் கட்டிலில், அலுவலகச் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். மார்க்கைத் தவிர வேறெதையும் அவர் அண்ணனிடம் விசாரித்து நாங்கள் பார்த்ததில்லை. அண்ணனுக்கு வாய் குழறியது. கார் பந்தயம் ஓடும், துப்பாக்கிச் சண்டை ஓடும், கால்பந்தும் ஓடும் என்றான். "கால்பந்து திக்காம ஓடணும், அதுதான் முக்கியம்" என்றார் அப்பா. அவர் எழுந்து போனதும் அண்ணன் என் காதருகே குனிந்து, "அப்பாவுக்கு ஃபுட்பால் இவ்வளவு பிடிக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாதுடி" என்றான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். அண்ணனுக்குப் பொறியியல் இடம் கிடைத்தால் கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார், கிடைத்தது. ஆனால் அவர் ஒதுக்கிய தொகைக்குக் கடையில் முழுதாகக் கிடைத்ததெல்லாம் கணக்கெழுதத்தான் லாயக்கு. கேம் விளையாட வேண்டுமானால் பாகம் பாகமாகத் தேடி வாங்கி, தானே பூட்டிக்கொள்ள வேண்டும். மழைக்காலம் முழுக்க அண்ணன் கல்கத்தா சாந்தினி சௌக்கின் எலக்ட்ரானிக்ஸ் கடைச் சந்துகளில் அலைந்தான். சில நாள் என்னையும் கூட்டிப் போவான். ஒரே கார்டை நான்கு கடைகளில் விசாரிப்பான். ஒன்றும் வாங்காமல் டிராமில் திரும்பி வருவோம். "எல்லாரும் ப்ராசசர்லதான் காசைக் கொட்டுவாங்க. பேர் சொல்லிக்கலாம்ல? ஆனா கேமை ஓட்டுறது கிராபிக்ஸ் கார்டுதான்" என்பான். அதனால் ப்ராசசரில் ஒரு படி இறங்கினான். தகர டப்பா மாதிரி ஒரு கேபினெட், யாரோ பயன்படுத்திக் கழித்த மானிட்டர் என்று மிச்சம் பிடித்தான். மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில் மட்டும் ஒரு பைசா குறைக்க மாட்டேன் என்றான். மட்டமானதைப் போட்டால் நம் ஊர் வோல்டேஜுக்கு ஒருநாள் மொத்தமும் கருகிவிடும் என்பது அவன் பயம்.

அந்த மழைக்காலத்தில் அம்மாவுக்கு மூச்சிழுப்பு அதிகமானது. கல்கத்தாவின் ஈரமும் புகையும் ஒத்துக்கொள்ளவில்லை, முடிந்தால் ஊரை மாற்றுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். திருச்சிக்கு மாற்றல் கேட்டு அப்பா தன் மேலதிகாரிக்கு மனுமேல் மனு போட்டுக்கொண்டிருந்தார். அது ஒரு பக்கம், கம்ப்யூட்டர் ஒரு பக்கம் என்றுதான் நானும் அண்ணனும் நினைத்திருந்தோம்.

பூஜை விடுமுறைக்கு முன்பு ஒரு ஞாயிறு காலை, தரையில் பழைய போர்வையை விரித்து அண்ணன் எல்லாவற்றையும் பூட்டினான். முதல் முறை திரை வெளிச்சமானபோது அம்மாவை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினான். கால்பந்து ஓடியது, திக்கவில்லை. அப்பா பின்னால் நின்று ஓர் ஆட்டம் முழுக்கப் பார்த்தார். பிறகு, "எல்லாத்தையும் கழட்டு. டாக்ஸி வரச் சொல்லியிருக்கேன்" என்றார்.

"எங்கப்பா?"

"பாலிகஞ்ச். சார் வீட்டுக்கு. அவர் பையன் கேட்டிருக்கான்."

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுக்கு முன்பே தெரியும் என்று அதில் எங்களுக்குப் புரிந்தது.

டாக்ஸியில் அண்ணன் கேபினெட்டை மடியில் வைத்து, குலுங்காமல் இரு கைகளாலும் அணைத்துக்கொண்டிருந்தான். அந்தப் பெரிய வீட்டில் அதிகாரியின் மனைவிதான் கதவைத் திறந்தார். என் கன்னத்தைத் தட்டி, "உங்க பொண்ணா?" என்று அப்பாவிடம் வங்க மொழியில் கேட்டார். அப்பா தலையாட்டினார். பிறகு அந்த அம்மாள், கேபினெட்டோடு வாசலில் நின்ற அண்ணனைக் காட்டி, "இவன் கடையிலிருந்து வந்த பையனா?" என்றார்.

அப்பா கொஞ்சமும் தயங்கவில்லை. "ஆமாம், பௌதி" என்றார், அண்ணி முறை வைத்து. "நல்லா வேலை தெரிஞ்ச பையன்."

அண்ணன் அப்பாவையே பார்த்தான். நான் வாயைத் திறக்கப் போனேன்; அப்பாவின் விரல்கள் என் தோளை அழுத்தின. எனக்கும் அப்பாவுக்கும் சோபாவில் சந்தேஷ் இனிப்பும் தேநீரும் வந்தன. அண்ணன் மேசைக்கடியில் மண்டியிட்டு ஒயர்களைச் செருகிக்கொண்டிருந்தான். அதிகாரியின் மகன் நல்ல பையன்தான். ஆட்டம் தொடங்கியதும், "பிரமாதம் அண்ணா!" என்று துள்ளினான். கிளம்பும்போது அந்த அம்மாள் ஒரு நோட்டை அண்ணன் கையில் வைத்தார். அவன் வாங்கிக்கொண்டு கும்பிட்டான்.

தெருமுனை தாண்டியதும் அப்பா கேட்டார்: "எவ்வளவு குடுத்தாங்க?"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஏதாவது கோளாறென்றால் அப்பாவின் அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்புவார்கள், அந்தக் கடைப் பையனை வரச் சொல்லுங்கள் என்று. அப்பா வந்து சொல்வார், அண்ணன் போவான். அப்பாவுக்கு மாற்றல் வந்தது. திருச்சியில் அம்மா நன்றாக மூச்சுவிட்டாள், வாசலில் நின்று கோலம் போட்டாள். இதனால்தான் அந்தக் காரியத்தை என்னால் முழுசாக வெறுக்கவும் முடியவில்லை. அண்ணன் மட்டும் கல்கத்தாவிலேயே ஹாஸ்டலில் தங்கினான். இனிமேல் அந்த வீட்டுக்குப் போக வேண்டாம் என்று அப்பா சொன்னபோது, "கோடைக்கு முன்னாடி ஃபேன்ல தூசி தட்டணும்பா. இல்லன்னா கார்டு போயிடும்" என்றான். அந்த மெஷின் ஓடிய வரைக்கும் போய்த் தட்டிவிட்டு வந்தான். தனக்கென்று அவன் அப்புறம் ஒன்றைப் பூட்டிக்கொள்ளவேயில்லை.

அம்மா போனபின் அப்பா, கல்கத்தா நியூ டவுனில் அண்ணனின் புது ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்தார். ஒரு விடுமுறையில் நான் போயிருந்தபோது, நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

"அம்மாவுக்காகன்னு சொல்லியிருந்தா அவனே குடுத்திருப்பானேப்பா. ஏன் அப்படிப் பண்ணீங்க?"

அப்பா கோபப்படவில்லை. பால்கனிக்கு வெளியே பாதி எழும்பியிருந்த கட்டடங்களைப் பார்த்தபடி சொன்னார்.

"குடுத்திருப்பான்னு எனக்குத் தெரியாதா? பெத்த புள்ளைகிட்ட கேட்டு வாங்கிட்டா, அப்புறம் சாகுற வரைக்கும் அவன் முன்னாடி தலை குனிஞ்சு நிக்கணும். பிடுங்கிட்டா அந்தத் தொல்லை கிடையாது."

சமையலறை நாலடி தூரத்தில்தான். அண்ணன் அங்கே காபி ஆற்றிக்கொண்டிருந்தான். ஆற்றும் சத்தம் நின்றது, பிறகு தொடர்ந்தது. டம்ளரைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுத்து, நடுங்கும் அந்த விரல்கள் பிடித்துக்கொள்ளும்வரை தன் கையை எடுக்காமல் நின்றான்.

அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை கம்மி" என்றார்.

அண்ணன் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.