ஆள் இல்லாத இடத்துக்குப் போட்ட பந்து

செட்டர் சரியில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் பொத்துக்கொண்டு வரும். போன மாதம் பதுளை பஸ் நிலையத்தில் தோட்டத்துக்குப் போகிற பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் இரண்டு பேர் ஏதோ ஒரு வொலிபோல் போட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "செட்டர் புள்ளதான் சரியில்ல, சின்ன வயசு, கை இன்னும் பழகல" என்றார் ஒருவர். எனக்குத் தெரியாத அணி, தெரியாத பிள்ளை. இருந்தாலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "அந்தப் புள்ளைக்கு அடிக்க ஆள் குடுத்தீங்களாங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார். நிற்கட்டும்.

வொலிபோல் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எதிரணி அனுப்பும் பந்தை ஒருத்தி கையில் ஏந்தி மேலே எழுப்புவாள். அடுத்து அது செட்டரிடம் வரும். செட்டர் அதை விரல் நுனியில் வாங்கி, நெட்டை ஒட்டி, உயரத்தில், அடிக்கிறவளுக்கு வாகாக எழுப்பிக் கொடுப்பாள். அடிக்கிறவள் எகிறி அடிப்பாள். பார்க்கிறவர்கள் அந்த அடிக்குத்தான் கை தட்டுவார்கள். பந்து கீழே விழும்போது மட்டும் அவர்களுக்குச் செட்டரின் ஞாபகம் வரும். எங்கள் தோட்டத்துப் பெண்கள் அணியில் நான்தான் செட்டர்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் ஆறு லயங்கள், ஆறு நீள வரிசை வீடுகள். அணிக்கும் ஆறு பேர். இந்தப் பொருத்தம்தான் எங்களைக் கெடுத்தது. தோட்டத்தில் எது நடந்தாலும் லய முறையில்தான் நடக்கும். மலையிலிருந்து வரும் பீலியில் தண்ணீர் பிடிப்பதா, திருவிழாவில் சாமி தூக்குவதா, கோயில் பொங்கலைப் பங்கு வைப்பதா, எல்லாம் லயத்துக்கு இவ்வளவு என்று முன்பே பிரித்துவிடுவார்கள். அணியும் அப்படித்தான், லயத்துக்கு ஒருத்தி. நான் பிறப்பதற்கு முன்பு விளையாட்டுக் கழகத் தலைவர் ஒருவர் தன் லயத்துப் பிள்ளைகளையே அணியில் நிரப்பி, அதில் பெரிய சண்டையாகி, அந்த வருடத் திருவிழாவுக்கே பாதிப் பேர் வரவில்லையாம். அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு. நியாயமான ஏற்பாடுதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொங்கலைப் பிரிக்கிற மாதிரி ஆட்டத்தைப் பிரிக்க முடியாது என்று எத்தனை தடவை சொன்னாலும் அவர்கள் காதில் ஏறவில்லை.

ஏனென்றால் தோட்டத்திலேயே எகிறி அடிக்கத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் லயத்தில், எங்கள் பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருந்தாள். ஒரே சுவர். அந்தப் பக்கம் அவர்கள் தேங்காய் துருவினால் இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்கும். அவள் உயரத்தைப் பார்த்து எல்லோரும் அவளை நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் துணி காயப்போடும் கயிற்றை நெட்டாக வைத்துக்கொண்டு இருவரும் ஆடுவோம். நான் எழுப்புவேன், அவள் அடிப்பாள். ஈரத் துணியில் பந்து பட்டு இரண்டு அம்மாக்களிடமும் சேர்த்துத் திட்டு வாங்குவோம். அவள் கை எந்த உயரத்துக்குப் போகும், எப்போது காலைத் தரையிலிருந்து எடுப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டு எனக்குச் சொல்ல வரும்.

ஆனால் லயத்துக்கு ஒருத்தி. என்னைப் போட்டால் அவள் இல்லை, அவளைப் போட்டால் நான் இல்லை. ஒரு வருடம் நான் ஒதுங்கிக்கொண்டு அவளை அனுப்பிப் பார்த்தோம். பந்து எழுப்பிக் கொடுக்க ஆள் இல்லாமல், அவள் போட்டி முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு வந்தாள். அடுத்த வருடம் நான் போனேன். அடிக்க ஆள் இல்லை. தோற்றுப் போய் வந்தோம். செட்டர் சரியில்லை என்றார்கள்.

அப்புறம் நெட்டைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை எங்கள் தோட்டம்தான், கீழ் லயம். கொழும்பில் கடையில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவார். பெண்ணுக்கு இருந்த சந்தோஷத்தைவிட எனக்கு இருந்த சந்தோஷம் பெரியது. மணவறையில் அவளுக்குப் பக்கத்தில் நின்று முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் காதுக்குள் சொன்னேன்.

"இனி நீ கீழ் லயத்துக்காரிடீ."

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. தாலி கட்டுகிற நேரத்தில் பெண் எதற்குச் சிரிக்கிறாள் என்று மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எங்கள் சிரிப்பு விளையாட்டுக் கழகத்தின் கூட்டம் வரைக்கும்தான். தலைவர் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர், முறைக்கு எனக்கு மாமா. நான் எழுந்து, கீழ் லயத்துக்கு இந்த வருடம் நெட்டை வருவாள் என்றேன். கூட்டத்தில் இருந்த ஆண்கள் எல்லோரும் கால் விரலைப் பார்த்தார்கள்.

"அது சரிவராது புள்ள. கல்யாணம் ஆனவ கிரவுண்டுல குதிச்சா நல்லாவா இருக்கும்?"

"எந்தச் சட்டத்துல இருக்கு மாமா?"

"சட்டமெல்லாம் எதுக்கு. இது வரைக்கும் யாரும் ஆடல இல்ல."

உண்மைதான், யாரும் ஆடியதில்லை. கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. கல்யாணத்துக்கு அடுத்த நாளே பிள்ளைகள் தாங்களாகவே பந்தை மறந்துவிடுவார்கள் என்று ஒரு நினைப்பு. நெட்டை தன் புருஷனிடம் போனில் கேட்டாள். அவர் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னார். கொழுந்து பறிக்கப் போகும் மாமியார், கூடையை மாட்டிக்கொண்டே "பாப்போம்" என்றாராம். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

கீழ் லயத்திலிருந்து வேறொரு பெண்ணைப் போட்டார்கள். என்னைவிட ஒரு வயது சின்னவள், உயரத்தில் என் தோளுக்கு வருவாள். பாவம், அவளுக்குப் பந்து என்றாலே பயம். பயிற்சியில் நான் எழுப்புகிற பந்து கீழே இறங்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். "எனக்கு வேணாம்னு சொல்லுங்கக்கா" என்று என்னிடமே கெஞ்சினாள். லயத்துக்கு ஒருத்தி வேண்டுமே, அவளை யார் விடுவார்கள்?

போட்டி பண்டாரவளைப் பக்கம். கிளம்புவதற்கு முந்தைய நாள் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தத் தடவையும் தோற்றால் செட்டரை மாற்றிவிடுவோம் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பல்ப் மாற்றுகிற மாதிரி சொன்னார். அப்போது நான் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். கொழும்புக்கு வேலைக்கு அனுப்பலாமா, கல்யாணத்துக்குப் பார்க்கலாமா என்று என்னைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், என்னிடம் மட்டும் யாரும் பேசவில்லை. நெட்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஒரு இடத்தைத்தான் நானாக உழைத்து வாங்கியிருந்தேன். அதை விட எனக்கு மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தோட்டத்து லொறியில் போனோம். பின்னால் பாதித் தோட்டமே ஏறியிருந்தது. நெட்டையும் வந்தாள், மாமியாரோடு. இருவரும் மைதானத்துக்கு மேலே இருந்த மேட்டில், புல்லில் உட்கார்ந்துகொண்டார்கள். அவள் சுடிதாரில் வந்திருந்ததை நான் கவனித்தேன். புதுப் பெண் வெளியே போகும்போது சேலைதான் கட்டுவாள்.

மூன்று செட்டில் இரண்டை எடுத்தால் வெற்றி. முதல் செட்டில் என்னால் முடிந்ததையெல்லாம் செய்தேன். சின்னவளுக்குத் தாழ்வாகப் போட்டேன், மெதுவாகப் போட்டேன், கையிலேயே கொண்டு போய் வைக்காத குறை. அவள் அடித்தது நெட்டில் விழுந்தது, இல்லையென்றால் அவள் தலையில் விழுந்தது. எதிரணிக்காரிகள் அவளைத் தடுக்கக்கூட எழவில்லை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். செட் போனது. தலைவர் வந்து எல்லோருக்கும் முன்னால் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஒன் கை சரியில்ல. அடுத்ததும் இப்படின்னா ஒன்ன வெளிய எடுத்துருவேன்."

அவர் சொன்னபோது சின்னவள் அழுதாள். நான் அழவில்லை. எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. இரண்டாவது செட் தொடங்கியதும் சின்னவளிடம், "நீ கொஞ்சம் தள்ளி நில்லு, பந்து ஒன்கிட்ட வராது" என்றேன். அவள் மகிழ்ச்சியாகத் தள்ளி நின்றாள்.

முதல் பந்து என்னிடம் வந்தது. நெட்டுக்கு இடது ஓரத்தில், நெட்டை வழக்கமாக எகிறுகிற இடத்தில், அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் போட்டேன். அங்கே யாரும் இல்லை. பந்து அழகாக மேலே போய், அழகாக இறங்கி, தரையில் விழுந்தது. எதிரணிக்கு ஒரு பாயிண்ட். அடுத்த பந்தும் அங்கேயே. மேட்டில் சிலர் சிரித்தார்கள். மூன்றாவது பந்தையும் அதே இடத்தில், அதே உயரத்தில் போட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. வொலிபோல் தெரிந்தவர்களுக்கு, அந்த மூன்று பந்தும் எப்படிப்பட்ட பந்து என்று தெரிந்திருக்கும். கை சரியில்லாதவள் போடுகிற பந்தா அது?

தலைவர் கோட்டுக்குப் பக்கத்தில் ஓடி வந்தார்.

"ஆள் இல்லாத எடத்துக்கு எதுக்குடி போடுற?"

"ஆளப் போடுங்க மாமா. என் கை சரியா இல்லையான்னு அப்புறம் பேசுவோம்."

மைதானத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். அது அதிகப்பிரசங்கித்தனம் என்று அம்மா ஒரு வாரம் திட்டினார். அணியைத் தோற்கடிக்கப் பார்த்தாள் என்று சொன்னவர்களும் உண்டு. சொல்லிக்கொள்ளட்டும். அந்த மூன்று பாயிண்டையும் நான் தெரிந்துதான் கொடுத்தேன், அதற்காக இன்றைக்கும் வருத்தப்படவில்லை.

நடுவர் விசில் ஊதி, ஆடுகிறீர்களா இல்லையா என்று கேட்டார். தலைவர் என்னை வெளியே வரச் சொல்லிக் கையைக் காட்டினார். அதற்குள் சின்னவள், டீசேர்ட்டுக்கு மேலே போட்டிருந்த ஜேர்சியைத் தலைவழியாகக் கழற்றிக்கொண்டு நேராக மேட்டுக்கு நடந்தாள். நெட்டையின் மடியில் அதைப் போட்டாள்.

நெட்டை அதைத் தொடவில்லை. மாமியாரைப் பார்த்தாள். மாமியார் தலைவரைப் பார்த்தார். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து நின்றார்.

"லயத்துக்கு ஒரு ஆளுதானே தம்பி?"

"ஆமாங்க, அது வந்து..."

"கீழ் லயத்து ஆள கீழ் லயத்துக்காரங்கதானே அனுப்பணும். எங்க ஆளு இவதான்."

என்னை வெளியே கூப்பிட்ட கையைத் தலைவர் கீழே இறக்கினார். அவருடைய சட்டம், அவரே இத்தனை வருடம் தூக்கிப் பிடித்த சட்டம், அதை அவர் எப்படி மறுப்பார்? மாமியார் மருமகள் பக்கம் திரும்பி, சந்தைக்கு அனுப்புகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"தோட்டக் கழட்டிக் குடுத்துட்டுப் போ. தாலிய உள்ள போட்டுக்க."

நெட்டை காதுத் தோட்டைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். தாலியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். செருப்பைப் புல்லில் விட்டுவிட்டு இறங்கி வந்தாள். என்னைத் தாண்டிப் போகும்போது, "கயித்துல போடுற மாதிரியே போடு" என்றாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது, ஆனால் அதற்கு நேரமில்லை.

அவள் அடித்த முதல் பந்தை எதிரணியில் யாரும் தொடவில்லை. இரண்டாவது பந்துக்கு, இடுப்பில் இருந்த கைகளெல்லாம் இறங்கின. அதற்குப் பிறகு அவர்களும் ஆடினார்கள், நாங்களும் ஆடினோம்.

அன்றைக்கு நாங்கள் ஜெயித்தோம் என்று நினைக்க வேண்டாம். மூன்றாவது செட்டில் தோற்றோம். நல்ல அணியிடம், கடைசி வரைக்கும் போராடித் தோற்றோம். திரும்பி வரும்போது லொறியில் தலைவர் டிரைவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அடுத்த கூட்டத்தில் செட்டரை மாற்றுகிற பேச்சு வரவில்லை. கழகத்தின் போன் குழுவில் யாரோ, அடுத்த வருடம் அடிக்கிறதுக்கு இன்னொரு ஆள் தேட வேண்டும் என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு நான் அடுப்படியில் தனியாகச் சிரித்தேன். சின்னவள் கோட்டுக்கு வெளியே நின்று பாயிண்ட் சொல்கிற வேலைக்கு மாறினாள், அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

ஆனால் என்னைக் கேட்டால் அந்தப் போட்டி இரண்டாவது செட்டின் கடைசிப் பந்தோடு முடிந்துவிட்டது. இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் செட் எங்களுக்கு. பந்து எழும்பி என் தலைக்கு மேலே வந்தது. நான் எங்கே போடப் போகிறேன் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். எதிரணிக்காரிகள் மூன்று பேர் இடது ஓரத்துக்கு ஓடி வந்து கையை உயர்த்திவிட்டார்கள். "மத்த பக்கம் போடு" என்று தலைவர் கத்தினார். செட்டருக்கு ஏமாற்றத் தெரிய வேண்டும், எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பந்தை வேறு எங்கும் போட எனக்கு மனம் வரவில்லை. சற்று முன்பு மூன்று பந்து சும்மா விழுந்த அதே இடத்துக்கு, அதே உயரத்தில் போட்டேன். தெரிந்தால் தெரியட்டும். இந்தத் தடவை அங்கே ஆள் இருந்தாள்.