பின்வாசலில் ஏறிய அப்பா

மதுரை டவுன் பஸ்ஸில் ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்துதான் ஏறுகிறது. மனைவி முன்வாசலில், கணவன் பின்வாசலில். பெண்களுக்கு இடது பக்கம், ஆண்களுக்கு வலது பக்கம். இறங்கிய பிறகு ரோட்டில் ஒருவரையொருவர் தேடிப் பிடித்து, ஒன்றுமே நடக்காதது போல விட்ட பேச்சைத் தொடர்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் உங்களுக்கு இது விநோதமாக இருக்கும். என்னைப் போல இங்கே வந்து சேர்ந்தவர்களுக்குப் பழகியிருக்கும். எனக்கு மூன்று வருடமாகியும் பழகவில்லை.

இலங்கையில் மருந்துக்கடைகள் காலியாகி, பெற்றோலுக்குச் சனம் வரிசையில் கிடந்த காலத்தில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவனியாபுரத்தில் வாடகை வீடு. விமானம் தாழ்ந்து போகும்போதெல்லாம் அப்பா கட்டிலுக்குக் கீழே ஒளியப் பார்ப்பார். அவருக்கு நினைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருக்கிறது. மாதம் ஒருமுறை தல்லாகுளத்தில் ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும். பெரியார் நிலையத்தில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். ஆட்டோவில் போகலாமே என்பீர்கள். ஷேர் ஆட்டோவில் அடைக்கிற அடைப்பில் அவர் மூச்சுத் திணறிக் கத்துவார். தனி ஆட்டோவின் குலுக்கலில் வாந்தி எடுப்பார். பஸ் ஒன்றுதான் ஒத்துக்கொள்ளும். பஸ்ஸில் ஏறினால் அவர் முகமே தெளிந்துவிடும்.

அதற்குக் காரணம் உண்டு. சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் டவுனுக்கு அவர் வேலைக்கும் நான் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் போனோம். எனக்குக் கணக்குப் பாடம் ஏறியதே அந்தப் பயணங்களில்தான். அப்பாவும் மகளும் சேர்ந்து இருப்பதை அங்கே யாரும் ஒரு விஷயமாகவே எடுத்ததில்லை.

அந்த நினைப்பில், வந்த புதிதில் இடது பக்க சீட்டில் அவரை என்னோடு இருத்தினேன். தையல்கடைப் பையோடு ஏறிய ஒரு பெண் வந்து நின்றாள்.

“அய்யா, எந்திரிங்க. ஆம்பளைங்க அங்கிட்டு.”

“அவருக்கு ஞாபகம் குறைவு. என்னோடை இருக்கட்டும்” என்றேன்.

“எங்க மாமனாருக்குந்தான் மறதிக்கா. அதுக்காக மடியிலயா தூக்கி வச்சுக்கிறது?”

பஸ்ஸே சிரித்தது. அவள் கெட்டவள் இல்லை. கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிற மறதி என்று நினைத்துக்கொண்டாள். ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அன்றிலிருந்து அவரை ஆண்கள் பக்கம் உட்கார வைத்து, பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றே போய் வந்தேன்.

போன வாரம் கூட்டம் பிதுங்கியது. முன்வாசலில் அப்பாவால் கால் வைக்கவே முடியவில்லை.

“பெரியவரே, பின்னாடி ஏறுங்க. அம்புட்டு எடம் கெடக்கு” என்றார் கண்டக்டர்.

அப்பா என் கையை விடவில்லை. எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் வையத் தொடங்கினார்கள். “பின்னாலை ஏறுங்கோ அப்பா. பெரியாரிலை சந்திப்பம்” என்று சொல்லி, அந்த விரல்களை நான்தான் பிரித்துவிட்டேன். எல்லோரும் செய்கிறார்கள், ஒரு நாள் நாமும் செய்தால் என்ன என்று தோன்றிவிட்டது.

பெரியாரில் இறங்கி முண்டியடித்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். கடைசி ஆளும் இறங்கிவிட்டார். அப்பா இல்லை.

“வெள்ளச் சட்டப் பெரியவரா? அவரு அப்பவே எறங்கிட்டாருக்கா. இங்கிட்டுத்தான் எங்கயாச்சும் நிப்பாரு” என்றார் கண்டக்டர்.

நின்ற பஸ்களில் எல்லாம் ஏறி ஏறி இறங்கினேன். அவரிடம் போன் கிடையாது. விலாசம் கேட்டால் சாவகச்சேரி என்பார். இவ்வளவு பெரிய நகரத்தில் அவரைத் தெரிந்த ஒரே ஆள் நான். அந்த ஒரு ஆளும் அவரைத் தொலைத்துவிட்டாள்.

கடைசியில், உசிலம்பட்டிக்குப் புறப்பட நின்ற ஒரு பஸ்ஸில் அப்பா இருந்தார். பக்கத்து இடத்தில் தன் துண்டை விரித்துப் போட்டிருந்தார். துண்டு கிடந்தால் இடம் பிடித்தாயிற்று, வேறு யாரும் உட்காரக்கூடாது என்பது இங்கத்தைய சட்டம். இந்த ஊரில் அவர் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். நான் அந்தத் துண்டை எடுக்கக் குனிந்தேன். என் கையை மெல்லத் தட்டிவிட்டார்.

“தங்கச்சி, இதிலை ஆள் வருது.”

“ஆர் வருகினம், அப்பா?”

“என்ரை மகள். செக்கிங் முடிச்சுக்கொண்டு வாறாள்.”

வழியில் ராணுவம் பஸ்ஸை மறித்து, எல்லோரையும் இறக்கி, ஆண்களை ஒரு வரிசையிலும் பெண்களை ஒரு வரிசையிலும் விட்டுச் சோதித்த காலத்துக்கு அவர் போய்விட்டார். பெண்கள் வரிசை மெதுவாகத்தான் நகரும். நான் திரும்பி ஏறும்வரை அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் காத்திருப்பார்.

“நான்தான் அப்பா” என்றேன். என்னை மரியாதையாகப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார். எழுப்பலாம் என்று தோளைத் தொட்டேன். முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “பிள்ளை வராமல் நான் இறங்கமாட்டன்” என்றார். பஸ் நகரத் தொடங்கியது.

அந்த பஸ்ஸின் கண்டக்டர் எங்களிடம் வந்தார்.

“பெரியவரு உங்க ஆளாக்கா? அப்பறம் ஏன் நிக்கிறீங்க? பக்கத்துல உக்காருங்க, எடம் காலியாத்தான கெடக்கு.”

இந்த மூன்று வருடத்தில், அப்பாவின் பக்கத்தில் உட்காரச் சொல்லி என்னிடம் ஒருவர் சொன்னது அன்றுதான். துண்டு விரித்தபடியே கிடந்தது. அப்பாவின் கண் வாசலை விட்டு அசையவில்லை.

“இல்லை அண்ணே” என்றேன். “ஆள் வருது.”