திரும்ப வாசிக்கும் இடம்

நான் பொறாமைக்காரி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து முகம் சுளிக்க வேண்டாம்.

லண்டன் ஸ்ட்ரெதமில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, ஓய்வுபெற்ற ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். பெரிய வயலின் மாதிரியான செல்லோ வாசிப்பவர். ஞாயிறு காலைகளில் அவருடைய முன்னறையில் நால்வர் கூடி வாசிப்போம். அவர் செல்லோ, என் கணவர் வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா, மற்றது இரண்டு வயலின். இருநூறு, இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன் வியன்னாப் பக்கம் எழுதப்பட்ட நால்வர் இசைதான் எங்களுக்குப் பிடித்தது. மேளமில்லை, ஊதுகுழலில்லை. நாலு பேர் சாப்பாட்டு மேசையில் இருந்து கதைப்பது போல இருக்கும். ஆனால் அந்த மேசையில் அதிகம் கதைப்பது முதல் வயலின்தான். இரண்டாம் வயலினுக்குப் பெரும்பாலும் "ஓம், ஓம்" என்று தலையாட்டுகிற வேலை. நாலு வருடம் முதல் வயலினாக இருந்தவள் நான்.

போன வருடம் எங்கள் இரண்டாம் வயலின்காரர் வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு ஒரு டொக்டர் வந்தாள். சென்னைக்காரி. முப்பது வயதுக்குள் இருக்கும். ஆஸ்பத்திரி ஷிப்டுகளுக்கு நடுவே வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவாள். மூன்றாவது ஞாயிறு செல்லோக்காரம்மா மிக நயமாக, இன்றைக்கு மட்டும் இருவரும் இடம் மாறிப் பார்க்கலாமே என்றார். மாறினோம். அந்த "இன்றைக்கு மட்டும்" பிறகு முடியவே இல்லை. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியைத் துரத்திய கதைதான்.

அவள் மோசமாக வாசித்திருந்தால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கடக்கிற வேகமான இடங்களை அவள் படியிறங்குவது போல் இறங்கிவிடுவாள். ஒருநாள் வீட்டில் தேநீர் குடிக்கும்போது என் கணவர், "டொக்டரின்ர வயலின் வில்லைப் பாத்தனீரே? மேல போய்க் கீழ திரும்பிறதே தெரியேல்லை" என்றார். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் என் வில்லைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: அதைக் காருக்குள் வெயிலில் விடாதே என்று. அன்று இரண்டாவது கோப்பைத் தேநீரை அவரே போட்டுக்கொண்டார்.

வசந்தத்தில் தேவாலய மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் நிகழ்ச்சியில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். அந்தக் காலத்துப் படைப்புகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் இரண்டு மெட்டுகளை அறிமுகப்படுத்துவார்கள். அது முடிகிற இடத்தில் தாளில் இரண்டு புள்ளிகள் இருக்கும். திரும்பப் போய் முதலிலிருந்து வாசி என்று அர்த்தம். இரண்டாம் தரமும் வாசித்த பிறகுதான் நடுப்பகுதி. அதில் அந்த மெட்டுகள் உடைந்து, வேறு வேறு சுருதிகளில் அலைந்து, கடைசியில் வீடு வந்து சேரும். நாங்கள் எடுத்துக்கொண்டதில் அந்த நடுப்பகுதியைத் தொடங்குவது இரண்டாம் வயலின், அதுவும் தனியாக. எட்டு பார், அதாவது எட்டுத் தாளச் சுற்று. முழுப் படைப்பிலும் எனக்கென்று இருந்தது அவ்வளவுதான்.

அன்று எங்களுக்கு முன் பியானோ வாசித்த பிள்ளைகள் நேரத்தை இழுத்துவிட்டார்கள். மண்டபத்துக் குசினியில் வைத்துச் செல்லோக்காரம்மா சொன்னார், நேரமில்லை, திரும்ப வாசிக்க வேண்டாம், நேரே நடுப்பகுதிக்குப் போவோம் என்று. என் கணவர் தலையாட்டினார். டொக்டர் இன்னும் வந்திருக்கவில்லை. "நீதானே பக்கத்தில் இருக்கப்போகிறாய், அவளுக்குச் சொல்லிவிடு" என்று செல்லோக்காரம்மா என்னிடம் பொறுப்பு விட்டார்.

டொக்டர் வந்தபோது ஆஸ்பத்திரி அட்டை கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. "சாரிக்கா, வார்டுல விடவே மாட்டேன்னுட்டாங்க. ஏதாவது மாத்தியிருக்கீங்களா?" என்றாள்.

"ஒண்டும் இல்லை" என்றேன்.

மறந்துபோய்ச் சொன்னதல்ல. அவள் தனியாகத் திரும்பிப் போக வேண்டும், நாங்கள் மூன்று பேரும் முன்னே போக வேண்டும், ஒரு பத்து விநாடியாவது அவள் திணறுவதை மண்டபம் பார்க்க வேண்டும். முக்கியமாக வியோலா வாசிக்கிறவர் பார்க்க வேண்டும்.

எங்களுக்கு நடத்துநர் கிடையாது. முதல் வயலின் தலையைச் சற்று உயர்த்தி மூக்கால் மூச்சு எடுப்பதுதான் சைகை. புள்ளிகள் வந்தன. அவள் மூச்சு எடுத்தாள். நான் என் எட்டு பாரை உரத்து, முழு வில்லாலும் தொடங்கினேன். அவள் முதலுக்குப் போனாள். அது நான் நினைத்ததுதான். செல்லோவும் வியோலாவும் அவளோடு சேர்ந்து போவார்கள் என்று நான் நினைக்கவில்லை. குசினியில் முடிவெடுத்த அதே இரண்டு பேர்தான். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அவர்கள் மூவரும் வெயிலடிக்கிற மாதிரி ஒரு மெட்டை வாசிக்க, நான் மட்டும் வேறொரு சுருதியில் அழுதுகொண்டிருந்தேன். மூன்று பார் போனபிறகே என் கை நின்றது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

டொக்டர் வாசிப்பை விடாமலே என் பக்கம் திரும்பினாள். மெதுவாகத் தலையசைத்து, உதட்டால் "இப்போ" என்று காட்டி, என்னை உள்ளே எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு முறைப்படி என் எட்டு பார் வந்தது. வாசித்தேன். எப்படி வாசித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

முடிந்தபின் செல்லோக்காரம்மா என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, அவளிடம் சொல்லவில்லையா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் டொக்டர் குறுக்கே வந்து, அக்கா சொன்னார், ஓடிவந்த அவசரத்தில் நான்தான் மறந்துவிட்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். அதற்காகவும் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

திரும்பும்போது கணவர் கார் ஓட்டினார். ஹை ரோட்டில் வழக்கமான நெரிசல்.

"குசினியில செல்லோக்காரம்மா சொன்னது உங்களுக்கும் கேட்டதுதானே?" என்றேன்.

"ஓம்."

"பிறகேன் திரும்பிப் போனீங்கள்?"

"டொக்டர் போனா, நானும் போனன். அதில யோசிக்க என்ன கிடக்கு?"

பிறகு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"முதல் வயலின் நானா இருந்து, நான் அப்பிடிப் பிழையாத் திரும்பிப் போயிருந்தா?"

முன்னால் நின்ற பஸ் நகரும்வரை அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதற்காகத்தான் அவரைக் கட்டினேன்.

"உம்மை நிப்பாட்டியிருப்பன்" என்றார்.