பட்டையக்கா

ஆய்வகத்தில் அவளுக்குப் பட்டையக்கா என்றுதான் பெயர். இதயத் தசையை அரைத்து, அதிலுள்ள புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஒரு வெள்ளைத் தாளில் ஏற்றுவாள். அதன்மேல் ஆன்டிபாடி திரவத்தை ஊற்றினால், பொட்டாசியம் வாசல் புரதம் எங்கே இருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். கறுப்பாக ஒரு பட்டை விழும். மற்றவர்கள் தாளில் திட்டுத்திட்டாய் அழுக்கு, இவள் தாளில் மை தீட்டியதுபோல் பட்டை. கைராசி என்றார்கள். கைராசியாவது மண்ணாவது, ஆறு வருஷம் மாடாய் உழைத்தாள்.

காரணம் தம்பி. பத்தொன்பது வயதில் ஓட்டப் பயிற்சியில் சுருண்டு விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அன்று காலை, "சோம்பேறி, எழுந்து ஓடுடா" என்று அவனை விரட்டியது அம்மா. அந்தச் சொல் அம்மாவை அரித்துத் தின்றது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்த அவன் இதயத் துணுக்கை இவள் கேட்டு வாங்கிச் சோதித்தாள். பட்டை மங்கலாக விழுந்தது.

"பிறவிக் குறைம்மா. துடிப்பைச் சீராக்குற வாசலே அவனுக்குக் கம்மி. படுத்திருந்தாலும் நின்னிருக்கும்."

அன்றைக்குத்தான் அம்மா வயிறாரச் சாப்பிட்டாள்.

போன மாதம் அவள் கட்டுரையைப் படித்த ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அந்தப் புரதம் அறவே இல்லாத எலியில் சோதித்தீர்களா? இல்லை. பட்டை சரியான உயரத்தில் விழுகிறது, ஆன்டிபாடிக் குப்பியிலும் அந்தப் புரதத்தின் பெயர் அச்சடித்திருக்கிறது, அப்புறமென்ன என்று விட்டுவிட்டாள். புத்தி எங்கே போயிருந்ததோ! அப்படிப்பட்ட எலியை வரவழைத்தாள். மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் பட்டை கன்னங்கரேலென்று விழுந்தது. ஆன்டிபாடி இத்தனை வருஷமும் வேறு எதையோ பிடித்திருக்கிறது.

"அக்கா, இல்லாததுக்கு எப்படிக்கா பட்டை?" என்றாள் கூட வேலை செய்பவள்.

"நமக்குத்தான் போட்டிருக்குடி, பட்டை நாமம்."

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லிப் பேராசிரியருக்கு எழுதினாள். தம்பிக்கு உண்மையிலேயே வாசல் கம்மிதானா என்று அவன் துணுக்கை இன்னொரு முறை பார்க்கவும் வழியில்லை. அந்த ஒரே சோதனையில் அது அரைபட்டுத் தீர்ந்துபோயிருந்தது.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள்.

"பக்கத்து வீட்டுக்காரம்மா கேட்டாங்கடி, பையனுக்கு என்ன ஆச்சுன்னு. வாசல் கம்மின்னு சொன்னேன். சரியாத்தானே சொன்னேன்?"

தாள் இன்னும் காயாமல் மேஜைமேல் கிடந்தது.

"சரியாத்தாம்மா சொன்னே."

"நான் திட்டுனதுனால இல்லைல்ல?"

"இல்லம்மா" என்றாள். அது அவளுக்கும் தெரியாது.