ஒடீலின் சாவுப் பீப்பாய்

ஒடீலுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். அன்னிவியே பள்ளத்தாக்கில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆளே கிடையாது, பாதிரியார் உட்பட.

கல்யாணம் செய்துகொள்ளாதவள். சொத்துப் பிரித்தபோது தம்பி தியோடூலுக்கு நல்ல நிலமும் இவளுக்கு ஒரு கல்லுச் சரிவும் விழுந்தன. அதில் ரேஸ் கொடிகளை அவளே நட்டாள். யாரும் சீண்டாத வெள்ளைத் திராட்சை. புளிப்பில் பல் கூசும். மழை அடித்துப்போன மண்ணைக் கூடையில் அள்ளி, முதுகில் சுமந்து, திரும்ப மேலே கொண்டுபோய்க் கொட்டுவாள்.

அந்தத் திராட்சையின் ஒயின் அவள் வீட்டு நிலவறையில், லார்ச் மரப் பீப்பாயில் கிடந்தது. அந்தப் பீப்பாய் குறையவே கூடாது. எடுத்த அளவுக்கு வருஷா வருஷம் புதுசை ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் காடியாகிவிடும். அந்த ஊரில் உயிரோடிருக்கும்போதே தங்கள் சாவுச் சாப்பாட்டுக்குப் பாலாடைக்கட்டியும் ஒயினும் எடுத்துவைப்பார்கள். ஒடீல் எடுத்துவைத்தது இந்தப் பீப்பாயை. தன்னைப் புதைத்துவிட்டு வருகிறவர்கள் ஒரு வாய் குடித்து, அவள் பேச்சைப் போலவே சுருக்கென்று இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

ஒரு குளிர்காலத்தில் பனியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கொடிகளைத் தம்பி பொறுப்பில் விட்டிருந்தாள். கோல் ஊன்றித் திரும்பி வந்தபோது சரிவு மொட்டையாக இருந்தது. ரேஸை வேரோடு பிடுங்கிவிட்டு, சந்தையில் விலைபோகும் ஃபாந்தான் திராட்சைக் கன்றுகளை வரிசையாக நட்டிருந்தான்.

"உன் நல்லதுக்குத்தான்க்கா செஞ்சேன். அந்தப் புளிச்ச தண்ணிய எவன் குடிப்பான்?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா? எனக்குக் கால்தானே ஒடஞ்சுச்சு, நாக்கா ஒடஞ்சுபோச்சு?"

நல்லதுக்குச் செய்தானாம்! இதற்குத் திருடன் எவ்வளவோ தேவலை. அவனாவது திருடிவிட்டு நன்றி சொல்லச் சொல்லமாட்டான்.

இலையுதிர்காலத்தில் தியோடூல் தன் தோட்டத்து ஒயினை ஒரு குடம் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு வந்தான்.

"பீப்பா கொறஞ்சிருக்குமே. இதை ஊத்துக்கா. எல்லாம் வெள்ளை ஒயின்தானே?"

ஒடீலுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பீப்பாய்க்கு முன்னால் போய் நின்றாள்.

"ஒரு சொட்டு ஊத்திப் பாரு, இந்தக் கோலாலயே மண்டையப் பொளந்துடுவேன்."

ஊற்ற இனி ரேஸ் கிடையாது, விட்டுவைத்தால் பீப்பாய் காடிதான். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று கத்தினாள்: "எல்லாரும் வீட்டுக்கு வாங்க. இன்னைக்கு என் சாவு!"

ஊரே நிலவறையில் நெருக்கியடித்தது. ஒரே மரக்குவளை, வழக்கப்படி, கைமாறிக் கைமாறிப் போனது.

"பொணமே ஊத்திக் குடுக்குற சாவ இப்பத்தான் பாக்குறேன்" என்றான் பக்கத்து வீட்டு பாஸில். எல்லோரும் சிரித்தார்கள். ஒடீல் சிரிக்கவில்லை.

குவளை தியோடூலிடம் வந்தபோது எல்லோரும் ஒடீலைப் பார்த்தார்கள். அவள் அவனுக்கும் நிறையவே ஊற்றினாள். குடித்தான். பிறகு குவளையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அக்கா... இன்னும் ஒரு வாய்."

அவள் கோலால் பீப்பாயைத் தட்டினாள். வெறும் பலகைச் சத்தம் கேட்டது.

"தீந்துபோச்சு. நான் நெசமாச் சாகறன்னைக்கு நீ வராத. உனக்கு ஊத்த ஒண்ணும் இருக்காது."