பிடிமண்ணும் புல்லட்டும்

என் அக்காள் ஜெயபாயின் கணவர் வைகுண்டராஜ் தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறை தனியாகப் பாலைவனத்தைக் கடந்தார். முழுதாகக் கடக்கவில்லை என்பது வேறு விஷயம். அவர் சொல்லக் கேட்டவர்கள், ஒட்டகங்களே அவரிடம்தான் வழி கேட்டு நடந்தன என்று நினைத்துக்கொள்வார்கள். நான் மச்சினன். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை; நடந்தது எல்லாம் தெரியும்.

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் அத்தானுக்குப் பம்புசெட் சாமான் கடை. வீட்டிலிருந்து கடை கூப்பிடு தூரம். அந்தத் தூரத்துக்கும் புல்லட்டில்தான் போவார். வண்டியை உதைத்துக் கிளப்பி முடிப்பதற்குள் பக்கத்துக் கடைக்காரர் நடந்தே போய், கடையைத் திறந்து, முதல் வியாபாரத்தையும் முடித்திருப்பார். ஒரு மில் முதலாளி ஓட்டித் தள்ளிவிட்ட வண்டி அது. "முதலாளி வண்டி" என்றுதான் அத்தான் அதைச் சொல்வார், வண்டியோடு மில்லையும் சேர்த்து வாங்கிவிட்டவர் போல. அதைத் துடைப்பதற்கென்றே கழிவுப் பஞ்சு மூட்டையாக வாங்கிப் போட்டிருந்தார். அக்காளை ஒருநாளும் பின்னால் ஏற்றிப் போய் நான் பார்த்ததில்லை. "முந்தானை செயின்ல சிக்கிக்கிடும், நீ பஸ்ஸுல வா" என்பார். செயினுக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்பது அவர் கவலை.

அத்தான் வீட்டாருக்குக் குலசாமி அய்யனார். கோயில் இங்கே இல்லை. சாத்தான்குளம் தாண்டித் தேரிக்குள் இருக்கிறது. தேரியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: கண்ணுக்கு எட்டிய வரை செக்கச்செவேல் என்று மணல். நடுநடுவே பனையும் முள் நிறைந்த உடைமரமும். காற்றுக் காலத்தில் நேற்றுப் பார்த்த மேடு இன்று அங்கே இருக்காது. தார் ரோட்டில் இறங்கி, கால் புதையப் புதைய நடந்துதான் கோயிலுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு பங்குனி உத்திரத்துக்கும் இப்படிப் போய், வெந்த காலோடு திரும்பி, 'அடுத்த வருசம் சாமியை நம்ம ஊருக்கே கொண்டு வந்துவிட வேண்டும்' என்று சபதம் செய்வது இவர்கள் வழக்கம். 1988-இல் சபதம் பலித்தது. மலையடிவாரத்தில் எல்லாருமாகச் சேர்ந்து இடம் வாங்கினார்கள்.

சாமியைக் கொண்டு வருவது என்றால், தேரிக் கோயிலில் உத்தரவு கேட்டு ஒரு பிடி மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து கொண்டு வந்து இங்கே பதிப்பது. கொண்டு வருகிறவருக்குத்தான் கோயில் கொடைத் திருவிழாதோறும் முதல் திருநீறு. அவருக்குப் பிறகு அவர் பிள்ளைக்கு, பிள்ளைக்குப் பிறகு பேரனுக்கு. இது தெரிந்ததும் எல்லாருக்கும் பக்தி பொங்கியது. ஆனால் வாய் திறந்து கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருந்த, அத்தானின் பெரியப்பா மகன் பொன்னுராஜ். இன்னொருவர் நம் அத்தான். பிறந்ததிலிருந்து பொன்னுராஜுக்கு அடுத்துத்தான் அத்தானுக்குத் திருநீறு விழுந்துகொண்டிருந்தது. அந்த ஒரு விஷயத்தில் அவருக்கு உண்மையிலேயே வயிற்றெரிச்சல் உண்டு.

பொன்னுராஜ் தம் வேனை அனுப்புவதாகச் சொன்னார். அத்தான் எழுந்தார்.

"அண்ணாச்சி, பால் கேன் ஏத்துற வேன்லயா அய்யனாரக் கொண்டாருவிய? அவரு குதிரையில போற சாமி. நான் ஒத்தையில புல்லட்டுல போயி எடுத்துட்டு வாரேன்."

"எலே, ஒன் வண்டி என்ன குதிரையாலே?"

"குதிரைக்கு மேல, அண்ணாச்சி."

சாமியாடி பால்பாண்டிக்கும் பால் கேன் விஷயம் உறுத்தியிருக்க வேண்டும். அத்தான் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டு, விதிகளை அடுக்கினார். "மண்ணெடுத்த பொறவு சட்டை கூடாது, செருப்பு கூடாது. முடிப்பு நெஞ்சுக்கு நேரா தொங்கணும். திரும்பிப் பாக்கப்படாது. தரையில வைக்கப்படாது, எதுலயும் மாட்டப்படாது. வச்ச எடந்தான் அவரு எடம். பொறவு எம்புட்டு அழுதாலும் எந்திரிக்க மாட்டாரு."

இது வெறும் மிரட்டல் இல்லை. அத்தானுடைய பூட்டன் வகையில் ஒருவர் இப்படித்தான் மண் கொண்டு வரும்போது, ஒதுங்க வேண்டிய அவசரத்தில் முடிப்பைப் புளியமரத்தில் மாட்டினாராம். அந்த வகையறாவுக்கு இன்றுவரை கோயில் அந்தப் புளியமரம்தான், பஸ் நிற்காத ஊரில்.

வைகாசிக் கடைசியில் ஒரு விடியற்காலை அத்தான் புறப்பட்டார். தெருவே விழித்துக்கொண்டது, புல்லட் கிளம்பினால் வேறு வழியில்லை. அக்காள் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, மணலுக்குள்ள வண்டி போவுமா?"

"முதலாளி வண்டிட்டீ இது," என்றார் அத்தான். மணலுக்கு அது தெரியுமா என்று அவள் கேட்கவில்லை. குடும்பப் பெண்.

போகும்போது எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. காலை மணல் இறுகிக் கிடந்தது. மாட்டு வண்டித் தடத்தைப் பிடித்துக் கோயில் வாசலுக்கே போய்விட்டார். எல்லாரும் கால் புதைய நடக்கும் இடத்துக்கு இரும்புக் குதிரையில் போய் இறங்கியதில் ஒரு இறுமாப்பு. பூசாரியிடம் சொல்லி, சாமிக்குப் போட்ட மாலை ஒன்றை வாங்கி ஹெட்லைட்டுக்குப் போட்டார். மண் எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டார். சட்டையைச் சுருட்டி வண்டிப் பெட்டிக்குள் வைத்தார். செருப்பை ஹேண்டில்பாரில் மாட்டினார். திரும்பிப் பார்க்காமல் கிளம்பினார்.

அதற்குள் உச்சிவெயில் வந்துவிட்டது. காற்று வண்டித் தடத்தை வழித்துத் துடைத்திருந்தது. எதிரே ஒரு மேடு. சுற்றிப் போயிருக்கலாம். மேட்டைச் சுற்றிப் போகிற ஆளா அவர்? நேராக ஏற்றினார். அந்த மேட்டின் உயரம், அவர் முதலில் சொன்னபோது ஆள் உயரம். தீபாவளிக்குப் பனை உயரம் ஆனது. பொங்கலுக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைத் தாண்டிவிட்டது. எத்தனை உயரமானாலும் நடந்தது ஒன்றுதான்: பின்சக்கரம் பாதிவரை புதைந்து, வண்டி ஒரு உடைமரத்தடியில் எருமை படுப்பது போலச் சாய்ந்தது. அத்தான் தள்ளிப் போய் மல்லாக்க விழுந்தார். நெஞ்சில் முடிப்பு பத்திரமாக இருந்தது. மல்லாக்க விழுந்ததைப் பின்னாளில் தம் சாமர்த்தியத்தில் சேர்த்துக்கொண்டார்.

இப்போதுதான் சங்கடம். புல்லட்டைத் தூக்கி நிறுத்த வேண்டுமானால் நன்றாகக் குனிய வேண்டும். குனிந்தால் கழுத்தில் தொங்கும் முடிப்பு மணலைத் தொடும். தொட்டால் அய்யனார் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். முடிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு தூக்கிப் பார்த்தார். மூச்சு முட்டியதுதான் மிச்சம். தலையில் வைத்தார், சரிந்தது. உடைமரக் கிளையைப் பார்த்தார். புளியமரம் ஞாபகம் வந்தது. ஆளைக் கூப்பிட்டார், காற்றுதான் ஏன் என்று கேட்டது. தனியாகப் போகிறேன் என்று சொன்னவருக்கு அய்யனார் வேண்டிய மட்டும் தனிமையைக் கொடுத்திருந்தார்.

ஒரு பக்கம் வண்டி. இன்னொரு பக்கம் தலைமுறை தலைமுறைக்கும் முதல் திருநீறு. பொன்னுராஜ் முகத்தை நினைத்துக்கொண்டார். வண்டியைக் குனியாமலே எப்படியோ உடைமரத்தில் முதுகு கொடுத்துக் காலால் முட்டி நிமிர்த்தி, மரத்திலேயே சாய்த்தார். புதைந்த சக்கரத்தைக் குனியாமல் தோண்டி எடுக்க வழியில்லை; சாவியை மடியில் செருகிக்கொண்டு நடந்தார். செருப்பைத் தொட முடியாது, விதி. திரும்பிப் பார்க்க முடியாது, அதுவும் விதி. வெந்த மணலில் வெறுங்காலோடு தார் ரோட்டுக்கு வந்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டதாம். காலுக்கா வண்டிக்கா என்று நான் கேட்கவில்லை.

மூன்று பஸ் மாறினார். ஒவ்வொரு பஸ்ஸிலும் கண்டக்டர் முடிப்பைக் கீழே வைக்கச் சொன்னார். ஒவ்வொரு பஸ்ஸிலும் அத்தான் சண்டை போட்டார். இங்கே சங்கரன்கோவில் சாலையில் ஊர் எல்லையில் நாங்கள் மேளமும் குடையுமாகப் புல்லட் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். ஒரு பஸ் எங்களைக் கடந்து போனது. அதன் ஜன்னலில் சட்டையில்லாத ஓர் ஆள் கையை ஆட்டிக் கத்திக்கொண்டு போனார். 'யாரோ குடிகாரன்' என்றார் பொன்னுராஜ். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தமக்கான வரவேற்பை வாங்கிக்கொள்ள அத்தான் எல்லை வரை திரும்ப நடந்து வந்தார்.

"வண்டி எங்கலே?" என்றார் பொன்னுராஜ்.

"அய்யனாரு பஸ்ஸுலதான் வருவேன்னு உத்தரவு சொல்லிட்டாரு அண்ணாச்சி."

"பஸ்ஸும் குதிரைக்கு மேலதான் போலிருக்கு," என்று சொல்லிவிட்டு அவர் குடைக்குக் கீழே போய்விட்டார்.

மண் பதித்தார்கள். அத்தான் கையில் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டியவர் எட்டாம் நாள் கொடை முடிகிறவரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. இது அவருக்கு முன்பே தெரியும். ஆனால் வண்டி ஊருக்குள் இல்லாதபோது தெரிவது வேறு மாதிரி. வேறு யாரையாவது அனுப்பலாம் என்றால் இடம் சொல்ல வேண்டுமே. "ஒரு உடைமரம். பக்கத்துல செவப்பு மணலு" என்று அடையாளம் சொன்னார். தேரி முழுக்க அந்த அடையாளம்தான். எட்டாம் நாள் முதல் திருநீறு அத்தான் நெற்றியில் விழுந்தது. பொன்னுராஜ் இரண்டாவதாக நின்றார். ஆயுசு முழுக்க ஏங்கியது கைக்கு வந்துவிட்டது. அத்தானோ காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காப்பை அவிழ்த்த மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு தேரிக்குப் போனார். வண்டி மணலுக்குள் மூழ்கியிருக்கும், அல்லது யாராவது கழற்றி விற்றிருப்பார்கள் என்று வழியெல்லாம் புலம்பினார். இரண்டும் நடக்கவில்லை. உடைமரத்தடியில் புதிதாக ஒரு ஓலைப்பந்தல். அதற்குள் புல்லட், முன்னைவிடச் சுத்தமாக. பெட்ரோல் டேங்கில் மூன்று பட்டையாகத் திருநீறு. ஹெட்லைட்டில் வாடிய மாலைமேல் புது மாலை. முன்னால் ஒரு கல்லில் அத்தானின் செருப்பு, அதற்கும் பூ. எதிரே ஏழெட்டுப் பேர் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்கள்.

பனையேறும் இசக்கி என்பவர் எங்களுக்கு விளக்கம் சொன்னார். "ஒரு புண்ணியவான் வந்தாவ. சட்டையில்லாம, மஞ்ச முடிப்புப் போட்டுக்கிட்டு. அய்யாவுக்கு வண்டியும் செருப்பும் நேந்து விட்டுட்டு, மாலையும் போட்டுட்டு, திரும்பிக்கூடப் பாக்காமப் போயிட்டாவ. நான் பனையில இருந்து கண்ணால பாத்தேன். மண்ணுல குதிரை செஞ்சு வப்பாவ; நெசக் குதிரையே விட்டவிய அவிய ஒருத்தர்தான்."

நேர்ந்துவிட்ட ஆளுக்கு என்னென்ன அடையாளமோ, அத்தனையும் அத்தான் விதி பிசகாமல் செய்துவிட்டுப் போயிருந்தார். பனைமேல் இருந்தவருக்கு, கூப்பிட்ட குரல்தான் கேட்கவில்லை.

"இது என் வண்டி," என்றார் அத்தான். மடியிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார்.

கூட்டம் அப்படியே அவர் காலில் விழப் பார்த்தது. "சாவியும் கொண்டாந்துட்டியளா!" என்று இசக்கிக்குக் கண் கலங்கிவிட்டது. "சாவி இல்லாம நேந்தது நெறையலியேன்னு பூசாரி சொல்லிக்கிட்டே இருந்தாரு."

நான் அத்தானைப் பார்த்தேன். பேசினால் ஓயாதவர். இதோ, 'மணலில் சிக்கியது, தூக்க முடியவில்லை, போட்டுவிட்டுப் போனேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல வாயெடுத்தார். அப்போது அவர் கண் ஹேண்டில்பாரில் போய் நின்றது. செருப்பு தொங்கிய இடத்தில் ஒரு சின்னத் துணித் தொட்டில் கட்டியிருந்தது. பக்கத்தில் இசக்கியின் மகள் நின்றிருந்தாள். கல்யாணமாகி வெகு வருசம் ஆனவள் என்று முகமே சொன்னது. தொட்டில் காற்றில் ஆடாதபடி விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் சாவியை இசக்கியின் கையில் கொடுத்தார். அவரைக் கேலி செய்வதையே பிழைப்பாக வைத்திருந்த எனக்கு அன்று அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை, தலைகால் தெரியாமல் ஆடுவார்.

ஊருக்கு வந்ததும் பழையபடி ஆகிவிட்டார். "அய்யனாருக்கே கொடுத்துட்டேன்" என்று சொல்லித் திரிந்தார். அதுதான் நடந்தது என்பதால் மறுக்கவும் வழியில்லை. பிறகு ஒரு சைக்கிள் வாங்கினார். அக்காளைக் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு போனார். முந்தானை சிக்கவில்லை.

தேரி வரை போகிற பாடு வேண்டாம் என்றுதான் இங்கே கோயில் கட்டினோம். பங்குனி உத்திரத்துக்கு எங்களில் யாரும் அங்கே போவதில்லை, அத்தானைத் தவிர. ஒரு பையில் கழிவுப் பஞ்சும் சின்ன எண்ணெய்க் குப்பியும் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போய்விடுவார். அதே நாள் இங்கே நடக்கும் கொடையில் தீபாராதனை முடிந்ததும் சாமியாடி, "மண்ணெடுத்த வைகுண்டராஜ்" என்று மூன்று முறை கூப்பிடுவார். ஆள் இருக்காது. பொன்னுராஜ் நெற்றியை நீட்டுவார். பல வருசமாக இதுதான் நடக்கிறது.

தொண்ணூற்றேழில் ஒரு முறை எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் அத்தான், எம்புட்டுப் பாடுபட்டு வாங்கின மொத திருநீறு. அத அவருக்கு விட்டுட்டு அங்கன போயி என்னத்தக் காணுதிய?"

அத்தான் எண்ணெய்க் குப்பியின் மூடியை இறுக்கிப் பையில் வைத்தார்.

"வரிசையில நின்னா, செத்த நேரம் தொட்டுக் கும்பிட விடுதாவ மாப்ளே," என்றார்.